சாலை எவருக்கு உரியது?

சிங்கப்பூரின் பழைய நகர்ப்பகுதியில் ‘கிரேத்தா ஆயர்’ என்றோர் இடம் உண்டு. மலாய் மொழியில் அப்பெயருக்குத் ‘தண்ணீர் வண்டி’ என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணற்று நீரை மாட்டுவண்டிகளில் ஏற்றி மக்களுக்கு வழங்கிய காலத்தின் எச்சமாக அப்பெயர் இன்றும் நிலவுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதும் அத்தகையதே. எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். அப்பகுதியில் இந்தியர் பலர் கால்நடை வளர்ப்பையும் மாட்டு வணிகத்தையும் நம்பி வாழ்ந்தனர். இவ்விரு பெயர்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. அந்நாளில் சாலையில் உருண்ட சக்கரங்கள் பெரும்பாலும் சரக்கைச் சுமந்தவை. உழைப்பாளி நடந்தே சென்றான். வாழுமிடமும் வேலையிடமும் கூப்பிடு தொலைவில் இருந்தமையால், நாள்தோறும் வேலைக்குச் செல்வதற்கென்றே வண்டி ஏறும் தேவை பெரும்பாலோர்க்கு எழவில்லை. அத்தேவை எழுந்த பிறகே, சாலையில் எவருக்கு முதலிடம் என்னும் வழக்கும் எழுந்தது.

வழக்கின் முதற்கட்டத்தில் தோற்றது பொதுப் போக்குவரத்தே. மனிதன் இழுக்கும் ரிக்சா வண்டி 1880 ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1886 இல், நீராவியால் இயங்கும் டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. பலரை ஒருங்கே ஏற்றிச் செல்லும் டிராம், இருப்புப்பாதையை விட்டு விலக இயலாதது. ரிக்சாவோ ஒருவரையோ இருவரையோ ஏற்றிக்கொண்டு வேண்டிய சந்திலெல்லாம் நுழைந்து, வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். தனக்கென ஒரு வண்டி, தன் வாசலுக்கே வரும் வண்டி என்னும் கவர்ச்சி மோட்டார்க் காருடன் பிறந்ததன்று, அதற்கும் முற்பட்டது. அக்கவர்ச்சிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 1894 இல் நீராவி டிராம் நின்றுபோயிற்று. எந்திரத்தை மனிதத் தசை வென்ற விந்தை அது. அவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள், சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, வண்டிக் கம்புகளுக்கிடையே தம் உடலைத் தேய்த்துக்கொண்ட ஏழைகள் என்பதையும் மறத்தல் கூடாது. 1905 இல் மின்சார டிராம் வந்தது. அதுவும் 1927 வரையே நீடித்தது. ரிக்சா வண்டியை 1947 இல் சட்டமே ஒழிக்க வேண்டியிருந்தது.

டிராமுக்குப் பின் வந்தது பேருந்து. 1925 இல் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் டிராக்சன் நிறுவனம், தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து ஆற்றல் பெற்று ரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் டிராலிப் பேருந்துகளை மறு ஆண்டிலேயே சாலையில் இறக்கியது. மலாய்க்காரரும் இந்தியரும் பெருமளவில் பணியாற்றிய நிறுவனம் அது. ஏழு பேர் அமரக்கூடிய சிறு வண்டிகளைச் சீனர்கள் ஓட்டினர். அவற்றுக்குக் ‘கொசுப் பேருந்து’ என்று பெயர் வழங்கிற்று. இங்குமங்கும் பறந்து, நிறுத்தமில்லாத இடங்களில் நின்று, ஆள் பிடித்த அவ்வண்டிகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைதல் அரிது! முப்பதுகளில் அவை நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. நகர மையம் டிராக்சன் நிறுவனத்துக்கு, புறப்பகுதிகள் சீன நிறுவனங்களுக்கு என்னும் பாகப்பிரிவினையே பல்லாண்டுகள் நிலைத்தது. தொழிலாளர்க்கும் முதலாளிகளுக்கும் இடையே பூசல்கள் மலிந்தன. 1955 மே 12 ஆம் நாள் ஹாக் லீ பேருந்து நிறுவனத்தின் வேலைநிறுத்தம் கலவரமாக வெடித்து நால்வர் உயிரிழந்தது வரலாற்று மாணவர் நன்கறிந்த நிகழ்ச்சி.

இந்நிலையில் நகரின் உருவமே மாறலாயிற்று. 1960 இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஆற்றங்கரை நெரிசலிலும் கம்பங்களிலும் வாழ்ந்த மக்களைக் குவீன்ஸ்டவுன், தோ பாயோ முதலிய புதிய குடியிருப்புகளுக்குக் கொண்டு சென்றது. அடுக்குமாடி வீட்டில் குழாய் நீரும் மின்விளக்கும் வந்தன. ஆனால், நடந்து சென்ற வேலையிடம் கிலோமீட்டர்க் கணக்கில் விலகிப் போயிற்று. குடியிருப்புப் புரட்சியைப் போற்றி எழுதுவோர் பலரும் இதனைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகின்றனர். வீட்டைக் கட்டிய அதே கை, நாள்தோறும் நெடுந்தொலைவு செல்லும் பயணியையும் படைத்துவிட்டது. அப்பயணியைச் சுமக்க வேண்டிய பேருந்துகளோ பழையவை, நேரம் தவறுபவை, வழியில் பழுதாகி நிற்பவை. பதினொரு நிறுவனங்கள் பதினொரு முறைகளில் இயங்கின. காத்திருந்து சலித்தவர்கள் உரிமமில்லாக் கள்ள டாக்சிகளை நாடினர். வசதி படைத்தவர்கள் கார் வாங்கினர். கார் பெருகப் பெருகப் பேருந்து மேலும் தாமதமாயிற்று. பேருந்து தாமதமாக ஆகக் காரின் மீது நாட்டம் மேலும் பெருகிற்று.

இச்சுழலை அறுக்க இரு வழிகள் இருந்தன. காரை அடக்குவது ஒன்று. பேருந்தைச் சீராக்குவது மற்றொன்று. சிங்கப்பூர் இரண்டையும் செய்தது என்பதைப் பலரும் அறிவர். எதனை முதலில் செய்தது என்பதே ஊன்றி நோக்கத்தக்கது.

1970 இல் ஆர். பி. வில்சன் என்னும் வல்லுநரின் ஆய்வறிக்கையும், அதனையொட்டி அரசின் வெள்ளை அறிக்கையும் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், ‘கம்ஃபர்ட்’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தது. கள்ள டாக்சி ஓட்டியோர் பலர் அதன்வழி உரிமம் பெற்ற ஓட்டுநர்களாயினர். கையிலிருந்த பிழைப்பைப் பறித்துவிட்டுப் போகாமல், மாற்றுப் பிழைப்பைக் காட்டிய பின்னரே பழையதைத் தடை செய்த அம்முறை பாராட்டுக்குரியது. 1971 இல் பத்துச் சீன நிறுவனங்கள் மூன்றாக இணைக்கப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் டிராக்சன் நிறுவனம் தன் நெடுங்காலப் பணியை முடித்துக்கொண்டது. 1973 ஜூலை 1 ஆம் நாள் அம்மூன்றும் ஒன்றாகிச் சிங்கப்பூர்ப் பேருந்துச் சேவை நிறுவனம் பிறந்தது. பிறந்த குழந்தை நோஞ்சானாக இருந்தமையால், 1974 இல் அரசாங்க அதிகாரிகளின் குழு ஒன்று அதன் நிருவாகத்தைச் சீர்ப்படுத்த அனுப்பப்பட்டது. பணிமனைகள் ஒழுங்காயின, வழித்தடங்கள் மறுபடி வரையப்பட்டன. அதே ஆண்டில், சாலையோரத்தில் மஞ்சள் கோடிட்டுப் பேருந்துக்கென்றே தனித்தடம் ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரே காரின் மீது கை வைக்கப்பட்டது.

அந்த நாள் 1975 ஜூன் 2, திங்கட்கிழமை. நகர மையத்தில் ஏறத்தாழ ஆறு சதுர கிலோமீட்டர் பரப்பு, கட்டுப்படுத்தப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. காலை 7.30 மணி முதல் 9.30 மணி வரை அதற்குள் நுழையும் கார் ஒவ்வொன்றும் முன்கண்ணாடியில் உரிமச் சீட்டு ஒன்றை ஒட்டியிருத்தல் வேண்டும். நாளொன்றுக்குக் கட்டணம் மூன்று வெள்ளி; மாதத்திற்கு அறுபது வெள்ளி. பேருந்துக் கட்டணம் காசுக் கணக்கில் இருந்த காலத்தில் மூன்று வெள்ளி சிறு தொகையன்று. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ செல்லும் காருக்குக் கட்டணமில்லை. பேருந்து, சரக்கு வண்டி, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு.

இத்திட்டத்தில் மின்னணுக் கருவி எதுவும் இல்லை என்பது இன்றைய மாணவர்க்கு வியப்பூட்டலாம். முப்பதுக்குச் சற்றுக் குறைந்த நுழைவிடங்களில் வளைவுகள் நாட்டப்பட்டன. ஒவ்வொன்றின் அருகிலும் காவலர் நின்று, கடந்து செல்லும் கார்களின் முன்கண்ணாடியை நோக்குவர். சீட்டு இல்லாத காரை அவர் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் நெரிசலைத் தீர்க்க வந்த திட்டமே நெரிசலை உண்டாக்கிவிடும். எண்ணைக் குறித்துக்கொள்வார், அபராத அறிவிப்புப் பின்னர் வீடு தேடி வரும். சீட்டுகள் நுழைவாயிலில் விற்கப்படவில்லை. அஞ்சலகங்களிலும் சாலையோரச் சாவடிகளிலும் முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும். காகிதம், பசை, கூர்மையான கண்கள் ஆகிய மூன்றையும் கொண்டு, வேறெந்தப் பெருநகரமும் அதுகாறும் துணியாத ஒன்றை அச்சிறு நாடு நடத்திக் காட்டியது.

விளைவு எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது. காலைப் போக்குவரத்தில் கால்பங்கோ அதற்குச் சற்று மிகையாகவோ குறைந்தால் போதும் எனத் திட்டமிட்டோர் கருதியிருந்தனர். குறைந்ததோ ஏறத்தாழ 44 விழுக்காடு. சாலைகள் வெறிச்சோடின என்று சொல்லுமளவுக்கு ஆயிற்று. தேவைக்கு மிஞ்சிய கட்டணம், சாலையைப் பயன்படுத்தாமல் வீணாக்குகிறது எனப் பொருளியலார் சிலர் குறை கூறினர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், காலியான சாலையில் தங்குதடையின்றிச் சென்ற பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தவர்களின் எண்ணிக்கையை அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

மக்களும் தம் சூழ்ச்சித்திறனைக் காட்டத் தவறவில்லை. 7.30 மணிக்கு முன்னரே உள்ளே நுழைந்துவிட முந்தியோர் பலர், 9.30 மணி எப்போது அடிக்கும் என வட்டாரத்தின் விளிம்பில் காத்திருந்தோர் பலர். அதனால் ஆகஸ்டு மாதம் முதல் நேரம் 10.15 வரை நீட்டிக்கப்பட்டது. நால்வர் இருந்தால் கட்டணமில்லை என்னும் விதியோ புதியதொரு நட்பையே வளர்த்தது எனலாம். தனியாக வரும் காரோட்டி, பேருந்து நிறுத்தத்தில் நிற்போருள் மூவரை ஏற்றிக்கொள்வார். அவருக்கு மூன்று வெள்ளி மிச்சம். அவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் மிச்சம். பெயரறியாத நால்வர் ஒரு காரில் பேசாமலே நகருக்குள் சென்று இறங்கிப் பிரிவர். காருடைமை தனிமையின் அடையாளம் என்பர். மூன்று வெள்ளி அதனை ஒரு மணி நேரத்துக்குப் பொதுவுடைமையாக்கிற்று.

திட்டத்தின் ஒரு கூறு அறவே தோற்றது. வட்டாரத்தின் புறத்தே காரை நிறுத்திவிட்டுச் சிறப்புப் பேருந்தில் நகருக்குள் வருமாறு, பல்லாயிரம் கார்களுக்கு இடம் அமைத்துக் கொடுத்தனர். அவ்விடங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. காரை விடத் துணிந்தவர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறினார். துணியாதவர் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றார். பாதி வழியில் வாகனம் மாற விரும்பியவர் மிகச் சிலரே. மனித இயல்பைப் பற்றி அந்த வெற்று நிறுத்துமிடங்கள் கற்பித்த பாடத்தைப் பிற்காலத் திட்டக்காரர் பலர் மறந்தே போயினர். மாலைநேர நெரிசலும் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. காலையில் காரின்றிச் சென்றவர் மாலையிலும் காரின்றித் திரும்புவர் என்ற கணிப்புப் பொய்த்தது. உறவினரை அழைத்துச் செல்ல மாலையில் வந்த கார்களும், நகரை ஊடறுத்துச் சென்ற கார்களும் சாலையை மறுபடி நிறைத்தன. மாலைக் கட்டுப்பாடு வருவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் அண்டை நாட்டுத் தலைநகர் வேறு திசையில் சென்றது. கோலாலம்பூருக்கும் இத்தகைய கட்டணத் திட்டம் எழுபதுகளில் ஆராயப்பட்டது, நடைமுறைக்கு வரவில்லை. மாறாக, 1975 இல் அங்கே சிற்றுந்துச் சேவை தொடங்கிற்று. நெரிசலான தெருக்களில் விரைந்து புகுந்த அவ்வண்டிகள் 1998 வரை நகர மக்களின் உற்ற துணையாகவும் ஓயாத புகாருக்குரியனவாகவும் விளங்கின. 1983 இல் புரோட்டோன் நிறுவப்பட்டு, 1985 இல் முதல் தேசியக் கார் வெளிவந்தபோது, கார் என்பது நாட்டின் தொழில் வளர்ச்சிக்கே சின்னமாயிற்று. சிங்கப்பூரிலும் கார் பொருத்தும் தொழில் இருந்ததுண்டு. புக்கிட் தீமாவிலிருந்த ஃபோர்டு தொழிற்சாலையே அதற்குச் சான்று. 1942 பிப்ரவரி 15 இல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடமும் அதுதான். 1980 இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஆகவே, காரைக் காக்க வேண்டிய தொழில்நலன் எதுவும் சிங்கப்பூர் அரசுக்கு எஞ்சவில்லை. பரந்த நிலமும் தொலைதூர ஊர்களும் கொண்ட மலேசியாவை ஒரு தீவு நகரத்தோடு ஒப்பிட்டுக் குறை கூறுதல் முறையாகாது. எனினும், தலைநகரின் பயணிக்கு விரைவு ரயில் 1996 இல்தான் கிட்டியது என்பதும் வரலாறே.

சிங்கப்பூரிலும் ரயில் எளிதில் வந்துவிடவில்லை. 1967 இல் தொடங்கிய மாநில, நகரத் திட்ட ஆய்வு, எதிர்கால மக்கட்பெருக்கத்தைச் சாலை மட்டும் தாங்காது எனக் கண்டது. அதன்பின் ஆய்வுக்கு மேல் ஆய்வாக ஆண்டுகள் உருண்டன. கட்டடக் கலையும் நகரத் திட்டமும் பயின்ற திரு. ஓங் டெங் சியோங் 1978 இல் தொடர்பு அமைச்சரானபோது ரயிலுக்காக விடாப்பிடியாக வாதாடினார். பொருளியல் மேதையான டாக்டர் கோ கெங் சுவீ, அத்துணைப் பெருஞ்செலவு தகுமா என்று ஐயுற்றார். 1980 இல் ஹார்வர்டு பல்கலைக்கழக வல்லுநர் குழு ஒன்று ஆராய்ந்து, ரயில் வேண்டா, பேருந்துகளே போதும் என்றது. தொலைக்காட்சியிலும் இவ்விவாதம் மக்கள் முன் நடைபெற்றது.

இவ்விவாதத்தில் பொதிந்துள்ள முரண் சுவையானது. 1975 இன் திட்டம் தோல்வியுற்றிருந்தால், ரயில் வேண்டும் என்போர் வாதம் எளிதாகியிருக்கும். அது வெற்றி பெற்றமையாலேயே, கட்டணத்தால் காரை அடக்கிப் பேருந்தால் மக்களைச் சுமக்க முடியுமெனில் ரயில் எதற்கு என்னும் வினா வலுப்பெற்றது. பேருந்து தன் சிறப்பினாலேயே ரயிலுக்குத் தடையாயிற்று! விடை கணக்கிலிருந்தே வந்தது. தொடர்ந்து நடந்த விரிவான ஆய்வு, எல்லாப் பயணிகளையும் பேருந்திலேயே ஏற்றுவதாயின் நகர மையத்தின் சாலைகள் அப்பேருந்துகளாலேயே அடைபட்டுப் போகும் எனக் காட்டியது. 1982 மே 28 இல் ரயில் கட்டும் முடிவு அறிவிக்கப்பட்டது. மதிப்பீடு 500 கோடி வெள்ளி. அதுகாறும் அந்நாடு மேற்கொண்ட பணிகளுள் மிகப் பெரியது. 1987 நவம்பர் 7 இல் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை, ஐந்து நிலையங்களுக்கிடையே, முதல் வண்டி ஓடிற்று. முதன்முதல் எண்ணியது தொடங்கி இருபது ஆண்டுகள்.

பெருவிரைவு ரயில் என்று தமிழில் அதற்குப் பெயரிட்டனர். நிலையப் பெயர்கள் தமிழிலும் எழுதப்பட்டன. ஒலிபெருக்கியிலும் தமிழ் ஒலிக்கலாயிற்று. வகுப்பறைக்கு வெளியே தமிழை அன்றாடம் காணவும் கேட்கவும் மாணவர்க்கு வாய்க்கும் இடங்கள் குறைவாக உள்ள சூழலில், இது சிறு பேறன்று. 1987 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘டோபி காட்’ நிலையத்தின் பெயரும் கருதத்தக்கது. ஓடைக்கரையில் துணி வெளுத்து உலர்த்திய இந்திய வண்ணார்களின் துறை அது. நாள் முழுதும் தண்ணீரில் நின்று உழைத்தவர்களின் பெயர், இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையத்துக்கு உரியதாக நிற்கிறது.

ரயில் வந்தமையால் கார் மீதான ஆசை தணிந்துவிடவில்லை. வருவாய் பெருகப் பெருக அதுவும் பெருகியது. எனவே 1990 மே மாதம், கார் வாங்குவோர் ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும் என்னும் முறை வந்தது. சான்றிதழ் பத்தாண்டுகளுக்கே செல்லும். 1998 இல் காகிதச் சீட்டுக்கு மாற்றாக மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. வளைவுகளில் காவலர் நின்ற இடத்தைக் கருவிகள் பிடித்தன. 2018 முதல் கார்களின் மொத்த எண்ணிக்கையே உயராதவாறு வளர்ச்சி விகிதம் சுழியமாக்கப்பட்டது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே விழுங்கிவிட்ட நிலையில், இதற்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. ஆனால் 2023 அக்டோபரில், பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை மட்டும் 150,000 வெள்ளியை எட்டியது. கார் அதற்கு மேல்.

1975 இல் மூன்று வெள்ளி செலுத்த இயலாதவர், மூவரை ஏற்றிக்கொண்டேனும் உள்ளே செல்ல முடிந்தது. ஏலத்தில் அத்தகைய சன்னல் எதுவும் இல்லை. சாலையின் இடம் பெரும்பாலும் பேருந்துப் பயணிக்கே ஒதுக்கப்பட்டது என்பது மெய். எஞ்சிய இடம் பணத்தால் பங்கிடப்பட்டது என்பதும் மெய். அதனால்தான், பொதுப் போக்குவரத்தில் ஏற்படும் ஒவ்வொரு தடையும் அங்கே வெறும் எந்திரக் கோளாறாகக் கருதப்படுவதில்லை. 2011 டிசம்பரில் வடக்கு தெற்கு ரயில் தடம் ஒரே வாரத்தில் இரு முறை நின்றபோது, அரசு விசாரணைக் குழுவையே அமைக்க நேர்ந்தது. காரை எட்டாத உயரத்தில் வைத்த அரசு, ரயிலைப் பழுதின்றி ஓட்டக் கடமைப்பட்டது என மக்கள் எண்ணினர். 2016 முதல் பேருந்துத் துறையில் கட்டண வருவாயை அரசே பெற்றுக்கொண்டு, நடத்தும் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத் தொகை வழங்குகிறது.

சிறு குழந்தைகளையோ நடமாட இயலாத முதியோரையோ பேணும் குடும்பங்களுக்குச் சான்றிதழில் சலுகை வேண்டும் என்னும் கோரிக்கை, அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்துள்ளது. ஒருவர் தேவையையும் மற்றொருவர் தேவையையும் எந்த அளவுகோலால் அளப்பது, எவருக்கு முந்துரிமை தருவது என்னும் வினாவே அதற்கு எதிராக வைக்கப்படுகிறது. நான்கு பேர் உள்ள காருக்குக் கட்டணமில்லை என்று விதித்தவர்கள், 1975 இல், அவ்வினாவுக்கு ஒரு விடை வைத்திருந்தனர்.